ஸ்ரென்ற் வைக்கப் போகிறவருக்கும் அவர் வீட்டாருக்கும்

இருதயத் தசைக்கு இரத்தம் கொடுக்கும் முடியுரு நாடிகளில் பெரியவையே 2.5 முதல் 4 மில்லிமீற்றர் விட்டம்தான். அதற்குள் கொழுப்புப் படிந்து வழி ஒடுங்கினால் பலூனால் விரித்து, விரித்த இடம் திரும்பச் சுருங்காதபடி ஓர் உலோக வலைக்குழாயை உள்ளே விட்டுவிடலாம். அந்த வலைக்குழாய்தான் ஸ்ரென்ற். வைப்பது டொக்டரின் வேலை; பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு முந்திய சில மணித்தியாலமும் பிந்திய பன்னிரண்டு மாதமும் வீட்டாரின் கையில் இருக்கின்றன. ஸ்ரென்ற் வீணாகிப் போன இடங்களில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் பிழையாகியிருக்கும்.

நெஞ்சு நோகிறது என்றால்

நடுநெஞ்சை அமத்துவது போல, இறுக்கிப் பிடிப்பது போல நோ வரும். இடது கையில் உளைவு, தாடை, முதுகு, சிலருக்கு மேல்வயிறு வரை பரவும். வியர்த்துக் கொட்டும், சத்தி வரும். சீனி வருத்தக்காரருக்கும் வயது போனவர்களுக்கும் பெண்கள் பலருக்கும் நோவே தெரியாமல் இளைப்பும் வியர்வையும் சொல்லத் தெரியாத களைப்பும் மட்டும் வரலாம். இவர்களைத்தான் வாய்வு என்று சொல்லி, ஓமத்தண்ணியும் சோடாவும் கொடுத்து, விடியட்டும் என்று வைத்திருக்கிறார்கள். அந்த இரவில் இறந்துபோகும் தசை பிறகு எந்தச் சிகிச்சையாலும் திரும்பி வராது.

செய்ய வேண்டியது இது:

1. இருக்கிற இடத்திலேயே சாய்ந்து இருக்கவிடுங்கள். படலை வரை நடந்து வாகனம் ஏறுவதும் வேண்டாம்.

2. ஏற்கெனவே நாக்கின் கீழ் வைக்கும் ஜி.ரி.என். குளிசையோ ஸ்பிறேயோ கொடுத்திருந்தால், இருந்த நிலையில் ஒருமுறை பாவிக்கலாம். நின்றுகொண்டு பாவித்தால் பிரஷர் இறங்கி விழுவார். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாபில் குளிசையை 24 மணித்தியாலத்துக்குள், தடாலாபில் குளிசையை 48 மணித்தியாலத்துக்குள் எடுத்தவர் ஜி.ரி.என். தொடவே கூடாது. வெட்கப்பட்டு மறைக்கிற விஷயம் இது. அம்புலன்சில் வருபவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

3. ஐந்து நிமிடத்தில் தணியாவிட்டால் 1990க்கு அழையுங்கள். சுவசரிய அம்புலன்ஸ் 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது, காசு இல்லை. மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக் கொண்டு ஓடாதீர்கள். வழியில் இருதயத் துடிப்புக் குழம்பினால் மோட்டார் சைக்கிளிலும் ஓட்டோவிலும் செய்ய ஒன்றுமில்லை.

4. அஸ்பிரின் 300 மில்லிகிராம் சப்பி விழுங்கக் கொடுங்கள். வீட்டில் 75 மில்லிகிராம் குளிசைதான் இருக்கிறது என்றால் நான்கு. முழுதாக விழுங்கினால் வேலை செய்யப் பிந்தும், அதனால் சப்பச் சொல்கிறோம். அஸ்பிரின் ஒவ்வாதவருக்கும், இரத்தச் சத்தியோ கறுத்த மலமோ போகிறவருக்கும் வேண்டாம்.

5. நோ தொடங்கிய நேரத்தைக் கடிகாரம் பார்த்து ஒரு துண்டில் எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் எடுக்கும் பெரிய தீர்மானம் அந்த நேரத்தை வைத்துத்தான்.

எங்கே போவது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை என்று கிட்ட இருக்கும் ஆதார வைத்தியசாலையில் ஈ.சி.ஜி. எடுத்துவிடலாம். சிகிச்சை அங்கேயே தொடங்கும், பிறகு அவர்களே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். நேரே பெரியாஸ்பத்திரிதான் வேண்டும் என்று முப்பது கிலோமீற்றர் ஓடுவதைவிட அது மேல். நெடுந்தீவில் இன்னும் கவனம் வேண்டும். குறிகாட்டுவானுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம், அதற்குப் பிறகும் தரைவழி இருக்கிறது. இரவில் நோ வந்தால் காலைப் படகைப் பார்த்திருக்காமல் தீவு வைத்தியசாலைக்கு உடனே போனால், அவசரப் படகைக் கேட்பது அவர்கள் பொறுப்பாகிவிடும்.

கரைப்பதா, விரிப்பதா

ஆஸ்பத்திரிக்கு வந்து பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். அதில் நாடி முழுதாக அடைபட்ட அடையாளம் தெரிந்தால் இரண்டு வழி. 120 நிமிடத்துக்குள் கதீற்றர் (நாடிக்குள் விடும் மெல்லிய குழாய்) கூடத்தில் பலூன் விரிக்க முடியுமானால் அதுதான் சிறந்தது. முடியாது என்றால் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை உடனே போட வேண்டும். டெனெக்ரிபிளேஸ் உடல் நிறையைப் பார்த்து ஒரே ஊசியாகப் போவது. ஸ்ரெப்ரோகைனேஸ் 15 இலட்சம் அலகு, அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் வரை சேலைனோடு ஏறுவது. நோ தொடங்கிப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள்தான் இதனால் பலன், அதிலும் முதல் மூன்று மணித்தியாலத்தில் கிடைக்கும் பலன் பெரியது. நோ தொடங்கிய நேரத்தை எழுதச் சொன்னது இதற்காக.

ஊசி போடுமுன் கேட்பார்கள்: முன்பு பாரிசவாதம் வந்ததா, அண்மையில் சத்திரசிகிச்சையோ தலையில் அடியோ பட்டதா, எங்காவது இரத்தம் போகிறதா. ஒன்றையும் மறைக்காதீர்கள். மூளைக்குள் இரத்தம் கசிவதுதான் இந்த ஊசியின் பெரிய ஆபத்து. ஊசி போட்டு 60 முதல் 90 நிமிடத்தில் திரும்ப ஈ.சி.ஜி. பார்ப்பார்கள். உயர்ந்திருந்த கோடு பாதியளவாவது இறங்கவில்லை என்றால் கட்டி கரையவில்லை, உடனே பலூனுக்குப் போக வேண்டும். கரைந்திருந்தாலும் 2 முதல் 24 மணித்தியாலத்துக்குள் அஞ்சியோகிராம் (நாடிக்குள் சாயம் விட்டு எடுக்கும் படம்) செய்து பார்ப்பது முறை, ஏனென்றால் கட்டி போனாலும் அது உண்டான ஒடுக்கம் அப்படியே இருக்கும்.

அஞ்சியோகிராமுக்கு முதல்

நாள் குறித்துக் கொடுத்த அஞ்சியோகிராம் என்றால் ஆயத்தப்பட நேரம் இருக்கிறது. குடிக்கிற குளிசை எல்லாவற்றையும், அட்டையோடு, ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். பெயரை நினைவில் வைத்துச் சொல்ல முயல வேண்டாம். வெள்ளைக் குளிசை, சின்னக் குளிசை என்று சொன்னால் யாருக்கும் விளங்காது. சித்த, ஆயுர்வேத மருந்து எடுத்தால் அதையும் சேருங்கள். கிளினிக் கொப்பி, பழைய ஈ.சி.ஜி., எக்கோ அறிக்கை, முன்பு அஞ்சியோ செய்திருந்தால் அந்த சீ.டி.

சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் அளவு கட்டாயம் பார்த்திருக்க வேண்டும். நாடியைப் படத்தில் காட்டும் அயடீன் சாயம் சிறுநீரகத்தால்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்தவருக்குச் சேலைன் ஏற்றி, சாயத்தின் அளவைக் குறைத்துச் செய்வார்கள். அப்படிப்பட்டவர் சீனி வருத்தத்துக்கு மெற்போமின் எடுத்தால் அதை நிறுத்தி, 48 மணித்தியாலம் கழித்துக் கிரியற்றினின் பார்த்துவிட்டுத் திரும்பத் தொடங்குவார்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் வாபரின் எடுப்பவர், அதை என்ன செய்வது என்று நாலைந்து நாளுக்கு முதலே கேட்க வேண்டும். நண்டும் இறாலும் ஒத்துக்கொள்ளாதவருக்குச் சாயமும் ஒத்துக்கொள்ளாது என்று ஊரில் ஒரு பயம் இருக்கிறது. அந்தத் தொடர்பு சரியல்ல. முன்பு ஒருமுறை சாயமே ஒத்துக்கொள்ளாமல் போனதா என்பதுதான் முக்கியம்.

இரத்தம் கட்டாமல் தடுக்கும் அஸ்பிரினையும் க்ளோபிடோகிரெலையும் அன்று காலை விடக் கூடாது. சாப்பிடக் கூடாது என்றால் குளிசையும் கூடாது என்று நினைத்து விடுகிறவர்கள் நிறைய. ஒரு மிடறு தண்ணியோடு விழுங்கலாம். மாறாக, சாப்பாடு இல்லாத காலையில் இன்சுலின் போட்டால் சீனி இறங்கிவிடும், அதனால் அந்த அளவை வாட்டில் கேட்டபிறகே போடுங்கள்.

மேசையில் நடப்பது

மயக்க மருந்து இல்லை. மணிக்கட்டில் விறைக்க ஊசி போட்டு, றேடியல் நாடிக்குள் இரண்டு மில்லிமீற்றர் அகலமான உறைக்குழாய் ஒன்றைச் செருகுவார்கள். மொன்றியலில் லூசியன் கம்போ 1989ல் மணிக்கட்டு வழியாக அஞ்சியோகிராம் செய்த முறையை வெளியிட்டார். 1992ல் அம்ஸ்ரடாமில் பெர்டினன்ட் கீமெனே அதே வழியால் நாடியை விரித்தார். அதற்கு முதல் பெரும்பாலும் தொடையடிதான். மணிக்கட்டில் இரத்தம் கசிந்தால் விரலால் அமத்தி நிறுத்தலாம், செய்தவர் உடனே எழும்பி இருக்கலாம். தொடையடி நாடியில் கசிந்தால் வயிற்றின் பின்புறம் ஒரு லீற்றர் தேங்கும்வரை வெளியே தெரியாமல் இருக்கலாம். உங்களுக்குத் தெரிவு இருந்தால் மணிக்கட்டைக் கேளுங்கள். நாடி மிக ஒடுக்கமாக இருந்தாலோ, டயாலிசிசுக்கு அந்தக் கை வேண்டியிருந்தாலோ தொடையடிதான்.

கதீற்றர் இருதயத்தின் வாசலுக்குப் போனதும் சாயத்தை விட்டுப் படம் எடுப்பார்கள். ஒடுக்கம் பாதிக்கு மேல் என்று தெரிந்தும் விரிக்க வேண்டுமா என்று சந்தேகமாக இருந்தால் அமுக்கம் அளக்கும் கம்பியை அனுப்பி, ஒடுக்கத்துக்கு அப்பால் உள்ள அமுக்கத்தை இப்பால் உள்ளதோடு ஒப்பிடுவார்கள். 0.80 அல்லது அதற்குக் கீழே என்றால் அந்த இடம் உண்மையிலேயே இரத்தத்தைத் தடுக்கிறது. அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் குளிசையே போதும். ஸ்ரென்ற் வைக்காமல் அனுப்பினார்கள் என்று குறைப்படாதீர்கள்.

விரிப்பது என்றால், 0.36 மில்லிமீற்றர் தடிப்புள்ள வழிகாட்டிக் கம்பி ஒடுக்கத்தைக் கடந்து போகும். அதன் மேல் பலூன் ஓடும். பிறகு, வேறொரு பலூன் மேல் சுருக்கி வைத்த ஸ்ரென்ற் போய், பலூன் ஊதும்போது விரிந்து நாடிச் சுவரில் பதியும். ஊதும் அமுக்கம் 12 அற்மொஸ்பியர், தேவைப்பட்டால் 20 வரை. கார் ரயருக்குள் இருப்பது இரண்டு சொச்சம்தான். பலூன் ஊதியிருக்கும் சில செக்கன்கள் பழைய நெஞ்சு நோ திரும்ப வரும். பயப்பட வேண்டாம், ஆனால் வாயைத் திறந்து சொல்லுங்கள். பலூன் இறங்கியும் நோ போகவில்லை என்றால் அது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இங்கே பிழையாவது பெரும்பாலும் ஸ்ரென்ற் முழுதாக விரியாமல் போவது. சுவரில் சுண்ணாம்பு படிந்து கல்லானால் பலூன் விரியாது, வலை சுவரைத் தொடாமல் நிற்கும், அந்த இடைவெளியில் இரத்தம் கட்டும். அதனால்தான் ஸ்ரென்ற் வைக்குமுன் வைரத்தூள் பதித்த சிறு உருளையை நிமிடத்துக்கு ஒன்றரை இலட்சம் சுற்று வேகத்தில் சுழற்றிச் சுண்ணாம்பை அரைப்பதோ, அதிர்வலையால் வெடிக்கச் செய்வதோ உண்டு. வைத்தபின் நாடிக்குள் சின்ன அல்ட்ராசவுண்ட் முனையை அனுப்பி வலை பதிந்ததா என்று பார்க்கலாம். இடது பிரதான நாடி, கிளை பிரியும் சந்தி, நீண்ட ஒடுக்கம் என்றால் அப்படிப் பார்ப்பார்களா என்று முதலே கேட்பதில் தவறில்லை.

எந்த ஸ்ரென்ற்

1977 செப்ரெம்பர் 16ல் சூரிச்சில் அண்ட்ரியாஸ் குருன்சிக் முதன்முதல் முடியுரு நாடியைப் பலூனால் விரித்தபோது ஸ்ரென்ற் இல்லை. விரித்த நாடி சிலருக்கு மேசையிலேயே மூடிக்கொண்டது. மூன்றில் ஒரு பங்கு அளவில் சில மாதத்தில் திரும்ப ஒடுங்கியது. 1986ல் துலூசில் ஜாக் புவெல், லொசானில் உல்ரிக் சிக்வார்ட் என்று இருவரும் உலோக வலை வைத்தபோது திடீரென்று மூடுவது நின்றது. ஆனால் வலையின் காயத்தை ஆற்றப் பார்த்த நாடி, தழும்பை அளவுக்கு மிஞ்சி வளர்த்து உள்ளேயிருந்து அடைத்தது. அந்தத் தழும்பைத் தடுக்கும் மருந்தை வலையில் பூசியது அடுத்த படி. அமெரிக்காவில் 2003ல் அனுமதி பெற்ற முதல் மருந்துப் பூச்சு ஸ்ரென்றில் சிறோலிமஸ் இருந்தது. அதன் கம்பி 140 மைக்ரோன். இப்போது வருபவற்றில் 60 முதல் 80. கம்பி மெலிந்தால் நாடியின் உட்தோல் சீக்கிரம் மூடும்.

ஆகவே இன்று தெரிவு பெரிதில்லை. சிறோலிமஸ், எவரோலிமஸ், ஸோற்றரோலிமஸ் என்ற குடும்பத்தில் ஒன்றைப் பூசிய, மெல்லிய கம்பிக் கோபால்ட் குரோமியம் அல்லது பிளாற்றினம் குரோமியம் வலை என்றால் போதும். தனியார் ஆஸ்பத்திரியில் விலை கூடியது, குறைந்தது என்று நான்கைந்து பெயர் சொல்வார்கள். பெயரைவிட வைப்பவர் அதைச் சரியான விட்டத்தில் விரிக்கிறாரா என்பதுதான் பெரிய விஷயம். கரைந்துபோகும் ஸ்ரென்ற் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு: பரவலாகப் பாவித்த முதலாவது கரையும் ஸ்ரென்ற் 2016ல் அமெரிக்க அனுமதி பெற்று, அதற்குள் இரத்தம் கட்டுவது கூடுதலாக இருந்ததால் 2017லேயே விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது.

வாட்டை விட்டு வருமுன் ஸ்ரென்ற் அட்டையைக் கேட்டு வாங்குங்கள். எந்த நாடி, என்ன பெயர், விட்டமும் நீளமும், வைத்த திகதி. இதன் படம் ஒன்றை வீட்டில் இரண்டு பேரின் தொலைபேசியில் வைத்திருங்கள்.

மணிக்கட்டைப் பார்த்துக்கொள்வது

உறைக்குழாயை எடுத்ததும் காற்று ஊதிய பட்டி ஒன்றைக் கட்டுவார்கள், ஏறக்குறைய 15 மில்லிலீற்றர் காற்று. இரண்டு மணித்தியாலம் அளவில் தொடங்கி ஆறுதலாகக் காற்றை இறக்குவார்கள். அவசரப்பட்டு நீங்கள் தொடாதீர்கள். விரல் விறைத்தாலோ நீலம் பாரித்தாலோ தாதியைக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் கசிந்தால், கையை உயர்த்தி, காயத்தின் மேல் பெருவிரலால் 15 நிமிடம் எடுக்காமல் அமத்துங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை விலக்கிப் பார்த்தால் கட்டுப்படாது. பீறிட்டால் அமத்தியபடியே 1990. முதல் ஒரு கிழமை அந்தக் கையால் கிணற்றில் தண்ணி அள்ளுவது, தேங்காய் துருவுவது, காஸ் சிலிண்டர் தூக்குவது, மோட்டார் சைக்கிள் ஓடுவது எல்லாம் விடுங்கள். அடுத்த நாள் தோயலாம். கீரிமலைக் கேணியிலும் கடலிலும் ஊறுவதைக் காயம் ஆறும்வரை தள்ளிப்போடுங்கள். தொடையடியில் செய்தவர் குந்தி இருக்கக் கூடாது. அங்கே கட்டி வீங்கினாலோ, நாரி நொந்து தலைசுற்றினாலோ உடனே ஆஸ்பத்திரி.

இரண்டு குளிசை

இதை ஆறுதலாக வாசியுங்கள். இரத்தத்துக்குள் வெறும் உலோகம் இருந்தால் குருதிச் சிறுதட்டுகள் அதில் ஒட்டிக் கட்டியாகும். நாடியின் உட்தோல் வளர்ந்து வலையை மூடும்வரை அந்த ஒட்டலைத் தடுப்பது அஸ்பிரினும் அதோடு கொடுக்கும் இரண்டாவது குளிசையும். இரண்டும் வேறு வேறு வழியால் தடுக்கின்றன. ஒன்று மற்றதற்குப் பதிலாகாது. இடையில் நிறுத்தினால் ஸ்ரென்ற் மணிக்கணக்கில் முழுதாக அடைபடலாம். அப்படி வரும் மாரடைப்பு முதல் வந்ததைவிட மோசமாக இருக்கும்.

வழமையான அளவு: அஸ்பிரின் 75 மில்லிகிராம் ஒரு நேரம், அதோடு க்ளோபிடோகிரெல் 75 மில்லிகிராம் ஒரு நேரம் அல்லது டிக்காகிரெலோர் 90 மில்லிகிராம் இரண்டு நேரம். மாரடைப்புக்கு வைத்தவருக்குப் பன்னிரண்டு மாதம், மாரடைப்பு இல்லாமல் ஒடுக்கத்துக்கு மட்டும் வைத்தவருக்கு ஆறு மாதம் என்பது பொது வழக்கம். இரத்தக் கசிவு ஆபத்துக் கூடியவருக்குக் குறைப்பார்கள். அந்த முடிவு வைத்த டொக்டருடையது. காலம் முடிந்தாலும் ஒரு குளிசை, பெரும்பாலும் அஸ்பிரின், சீவியம் முழுக்க.

ஒருநேரம் விட்டுப்போனால் அடுத்த நேரத்தில் ஒன்றுதான். இரண்டாகப் போடக் கூடாது. டிக்காகிரெலோர் எடுப்பவர்களுக்கு முதல் கிழமைகளில் மூச்சு முட்டுவது போல இருக்கலாம், அது மருந்தின் குணம். தாங்கவில்லை என்றால் வேறு குளிசைக்கு மாற்றுவார்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். வயிற்றெரிவுக்கு ஒமெப்ரசோல் எடுத்தால் க்ளோபிடோகிரெலின் வேலை குறையும். பாமசியில் கேட்டு வாங்காமல், பன்ரோபிரசோல் தரச் சொல்லிக் கிளினிக்கில் கேளுங்கள். மலம் தார் போலக் கறுத்தால் அன்றே காட்ட வேண்டும்.

நிறுத்துவது எப்போதும் ஒரு சாட்டோடுதான் வருகிறது. பல்லுப் பிடுங்கப் போனால் நிறுத்தச் சொல்வார்கள் என்று தாங்களாகவே நிறுத்திவிட்டுப் போகிறார்கள். குளிசையோடேயே ஒரு பல்லைப் பிடுங்கித் துணி கடித்து இரத்தத்தை நிறுத்தலாம். கண்புரைச் சத்திரசிகிச்சைக்கும் பெரும்பாலும் நிறுத்தத் தேவையில்லை. ஏர்னியா போலத் தள்ளிவைக்கக்கூடிய பெரிய சத்திரசிகிச்சையை, உங்களுக்குச் சொன்ன ஆறு அல்லது பன்னிரண்டு மாதம் முடிந்தபின் வையுங்கள். கந்தசஷ்டிக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் விரதம் இருப்பவர், விரதம் என்று குளிசையை விடக் கூடாது. தண்ணியோடு குளிசை எடுத்தால் விரதம் முறியாது என்று வீட்டிலே பெரியவர்கள் சொன்னால் கேட்பார்கள். கிளினிக் நாள் விடுமுறையில் விழுந்தால் ஒரு கிழமைக்குரியதை முதலே வாங்கி வையுங்கள். கொழும்புக்குப் போகும்போது குளிசையைப் பெட்டிக்குள் போட்டு பஸ்ஸின் அடியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள்.

மாரி மழையோடு டெங்கு வரும். ஸ்ரென்ற் வைத்தவருக்குக் காய்ச்சல் என்றால் முதல் நாளே இரத்தம் சோதியுங்கள். பனடோல் மட்டும், டைக்குளோபினக், ஐபுபுறூபன் தொடவே கூடாது. சிறுதட்டு எண்ணிக்கை இறங்கும்போது இந்த இரண்டு குளிசையையும் வைத்திருந்தால் இரத்தம் போகும், எடுத்தால் ஸ்ரென்ற் அடைபடும். அந்த இரண்டுக்கும் நடுவில் முடிவெடுக்க வாட்டில் இருக்க வேண்டும், வீட்டில் இருந்து எடுக்கும் முடிவல்ல.

ஸ்ரென்ற் ஓர் இடத்தைத்தான் திறந்தது. வருத்தம் நாடி முழுவதிலும் இருக்கிறது. அற்றோவாஸ்ரற்றின் குளிசையை நிறுத்தாமல் எடுத்து, நாலு முதல் ஆறு கிழமையில் கெட்ட கொழுப்பு எல்.டி.எல். டெசிலீற்றருக்கு 55 மில்லிகிராமுக்குக் கீழே வந்ததா என்று பாருங்கள். சுருட்டும், வெற்றிலையோடு போடும் புகையிலையும் முழுதாகப் போக வேண்டும். கருவாடும் ஊறுகாயும் உப்புக்காகக் குறைய வேண்டும்.

எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எடுக்கலாம், அட்டையைக் காட்டுங்கள்.

பைபாஸ் சொன்னால்

இடது பிரதான நாடியில் கடுமையான ஒடுக்கம், சீனி வருத்தத்தோடு மூன்று நாடியிலும் ஒடுக்கம் என்றால் ஸ்ரென்ற்றைவிடப் பைபாஸ் நீண்ட காலம் காப்பாற்றும். பைபாஸ் என்பது அடைபட்ட இடத்தைச் சுற்றி இரத்தத்துக்கு வேறு வழி வைக்கும் சத்திரசிகிச்சை. நெஞ்சின் உட்புற மார்பு நாடியை இருதயத்தின் முன் நாடியோடு இணைப்பார்கள். பத்து வருடம் கழித்தும் பத்தில் ஒன்பது திறந்திருக்கும். காலில் எடுத்த நாளம் அவ்வளவு காலம் நிற்பதில்லை. நெஞ்செலும்பு கம்பியால் கட்டப்பட்டிருக்கும், பொருந்த ஆறு முதல் எட்டுக் கிழமை. அதுவரை கையை ஊன்றி எழும்பாமல் பக்கவாட்டில் உருண்டு எழும்புங்கள், இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணையுங்கள். எலும்பு 'கிளிக்' என்று அசைவது தெரிந்தாலோ, காயத்தில் நீர் வடிந்தாலோ கிளினிக் நாளைப் பார்த்திருக்க வேண்டாம்.

திரும்ப நோ வந்தால்

மூன்று மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் இடையில், நடக்கும்போது மட்டும் பழைய நோ மெல்ல மெல்லத் திரும்பினால் ஸ்ரென்றுக்குள் தழும்பு வளர்ந்து ஒடுங்கியிருக்கலாம். இதற்குச் சில நாளுக்குள் கிளினிக்கில் காட்டலாம். சும்மா இருக்கும்போதே திடீரென்று வந்தால் அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். முதலில் சொன்ன ஐந்து படியும் அப்படியே. தழும்பு என்றால் மருந்து பூசிய பலூனை 30 முதல் 60 செக்கன் ஊதி, இன்னொரு உலோக அடுக்கு இல்லாமலே சரிசெய்ய வழி இருக்கிறது. அன்றைக்குப் பழைய ஸ்ரென்ற் அட்டை கையில் இருக்கட்டும். உள்ளே இருக்கும் வலையின் விட்டம் தெரிந்தால் பலூனின் அளவைத் தீர்மானிப்பது இலேசு.